அவனா, அவரா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்றார்கள். கேட்டேனா? உன் அம்மா கொடுத்த பழைய பைபிளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில், மற்றவர்களுக்காகப் பாடுபடும் கடவுளின் தாசனைப் பற்றிய 53-ஆம் அதிகாரம் குறித்து நீ கேட்ட கேள்வியால் வந்தது. "ஏசாயா 53 இயேசுவைத்தான் சொல்கிறது என்று இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, யூதர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?"

அந்தத் தெளிவு எங்கிருந்து வருகிறது பார். 42-ஆம் அதிகாரத்தைத் திற. முதல் வசனத்தில் தாசன் 'அவர்'. அதே அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தில் அதே தாசன் 'குருடன்', 'செவிடன்'. மரியாதை போயே போச்சு! எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், 'எவெத்'. அவன், அவர் என்ற பிரிவே அங்கே கிடையாது. தமிழில் ஏதாவது ஒன்றைப் போட்டே தீர வேண்டும். இயேசு என்று பட்ட இடத்தில் 'அவர்' வந்தது. இஸ்ரவேல் என்று பட்ட இடத்தில் 'ன்' வந்தது. 53 முழுக்க 'அவர்'. ஞாயிறு பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தபோதே விளக்கமும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

யூதர்கள் வாசிப்பது வேறு. 41:8-லேயே தாசன் இஸ்ரவேல் என்று பெயர் சொல்லியாகிவிட்டது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனம். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த யூத வேத உரையாசிரியர் ராஷியும் 53-ஐ அப்படித்தான் எடுத்தார். அவர் விளக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று: "நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு" என்று பேசும் அந்த 'நாம்' யூதர்கள் அல்ல, 52:15-ல் வாயடைத்து நிற்கும் மற்ற ஜனங்களின் ராஜாக்கள். 1096-இல் சிலுவைப்போர்க் கும்பல் ரைன் நதிக்கரை யூதர்களைக் கொன்று குவித்தபோது அவர் உயிரோடிருந்தார்; அந்த வேதனை அவர் வாசிப்பில் பட்டிருக்கலாம். ஆனால் தாசன் இஸ்ரவேல் என்பது அவர் கண்டுபிடித்தது அல்ல. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூதர்கள் இப்படிச் சொன்னதைக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதிவைத்திருக்கிறார்.

அதற்காக யூதர் எல்லாருக்கும் ஒரே கருத்து என்று நினைக்காதே. தர்கூம் என்னும் யூதர்களின் பழைய அரமேய மொழிபெயர்ப்பு 52:13-ல் "என் தாசனாகிய மேசியா" என்றே சொல்கிறது. ஆனால் அடியையும் அவமானத்தையும் மேசியாவிடமிருந்து எடுத்து மற்றவர்கள் தலையில் வைத்துவிடுகிறது! பாடுபடும் மேசியாவை அதை எழுதியவர்களால் எண்ணிப்பார்க்க முடியவில்லை போலும். இன்னொரு வேடிக்கை, எபிரேயத்தில் 40 முதல் 55 வரை 'மேசியா' (அபிஷேகம் பெற்றவர்) என்ற சொல் வருவது ஒரே ஆளுக்கு. பெர்சிய ராஜா கோரேசு, 45:1.

எனக்கு இடறுவது 49-ஆம் அதிகாரம். மூன்றாம் வசனத்தில் தாசன் இஸ்ரவேல். ஆறாம் வசனத்தில் அதே தாசன் இஸ்ரவேலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஜனமே ஜனத்தை எப்படி மீட்கும்? இதை எழுதிய கவிஞர் ஜனத்தில் தொடங்கி, போகப்போக அதற்குள் யாரோ ஒருவரைத் தேடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் உட்கார்ந்து இந்த 53-ஐயே வாசித்த எத்தியோப்பிய மந்திரி, தீர்க்கதரிசி சொல்வது தன்னையா வேறொருவரையா என்று பிலிப்புவிடம் கேட்டானே, அவன்தான் நல்ல வாசகன்.

சரி, உன் மருமகள் வீட்டில் கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு இருக்குமே. 42:19-ல் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்