த்ரெட் பற்றித் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் செல்பேசி பற்றி நிறைய வருகிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கும் மாதம் ஒரு கட்டுரை வேண்டும். ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கம் லாரி எடைமேடைகளுக்கு லாசரஸ் என்ற நிரலாக்கக் கருவியில், பாஸ்கல் மொழியில், நிரல் செய்து தருகிறேன். எடைக்கருவி சீரியல் போர்ட் வழியே எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது தாமதித்தால் திரை அப்படியே நின்றுவிடும். வெளியே ஹாரன் சத்தம் காதைத் துளைக்கும். சரி, படிக்கும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது அதே நிரலுக்குள் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலைத்தொடருக்கு, கொடுப்போம் என்று, த்ரெட்டைத் தொடங்கும் பிகின்த்ரெட்டில் என் கிளாஸின் (தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த வார்ப்பு) மெத்தடை, அதாவது அதன் செயல்களில் ஒன்றை, கொடுத்தேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்கவில்லை. மூன்று இரவு போனது.

காரணம் சின்னதுதான். மெத்தடைக் கூப்பிடும்போது செல்ஃப் என்ற பாயின்டரும், அதாவது கிளாஸிலிருந்து உருவான பொருள் நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியும், மறைவாகக் கூடவே போகிறது. எந்தப் பொருளின் போர்ட், எந்தப் பொருளின் எடை என்று காட்டுவது அதுதான். பிகின்த்ரெட் கேட்பதோ ஒரு பாயின்டரை மட்டும் வாங்கும் சாதாரண ஃபங்ஷன். அந்தப் பாயின்டராகச் செல்ஃபையே அனுப்பி, உள்ளே போனதும் கிளாஸ் வகைக்கு மாற்றினால் பொருளின் உறுப்புகள் எல்லாம் கைக்கு எட்டும். அதைவிட டித்ரெட் என்ற தயார் கிளாஸிலிருந்து சொந்த கிளாஸ் ஒன்றை உருவாக்கி, கன்ஸ்ட்ரக்டரில் (உருவாகும்போது ஓடும் மெத்தட்) பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, எக்ஸிக்யூட்டில் (தனி த்ரெட்டில் ஓடும் மெத்தட்) வேலையை எழுதுவது சுத்தம். இப்போது நான் செய்வது அதுதான். லினக்ஸில், த்ரெட் வசதி தரும் சித்ரெட்ஸ் யூனிட்டை (நிரல் தொகுதி), நிரல் பயன்படுத்தும் யூனிட்களைச் சொல்லும் யூசஸ் பட்டியலில் முதலில் போட வேண்டும்.

உறுப்புகள் எட்டிய பிறகுதான் உண்மையான ஆபத்து வந்தது. பின்சக்கரம் மேடையில் ஏறாத மக்காச்சோள லாரிக்கு எடைச்சீட்டு அச்சாகிவிட்டது. ஓட்டுநரே பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார். த்ரெட் புது எடையை எழுதிவிட்டது. மேடை காலியாக இருந்தபோது போட்ட, எடை ஆடாமல் நிற்கிறது என்று சொல்லும் ‘நிலையானது’ என்ற குறியை இன்னும் மாற்றவில்லை. அந்த இடைவெளியில் அச்சுப் பகுதி இரண்டையும் படித்துவிட்டது. அடுத்தவர் காசு சம்பந்தப்பட்ட சீட்டு அது, எனக்குக் கை நடுங்கியது. அன்றே, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் டிகிரிட்டிக்கல்செக்ஷன் பூட்டு போட்டேன்: இரண்டையும் எழுதும்போதும் பூட்டு, படிக்கும்போதும் பூட்டு. திரையைத் தொடுவது, அந்த வேலையை நிரலின் முதன்மை த்ரெட்டிடம் ஒப்படைக்கும் சிங்க்ரனைஸ் வழியே மட்டும்.

என்னிடம் கற்க வரும் பாலிடெக்னிக் பையன்களுக்கு இதைத் தமிழில் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இடம் கொடுத்தால் முதல் கட்டுரையை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
எடைமேடை நிரலாளர், நாமக்கல்