கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண்ணுக்கு இனிச் சொட்டு மருந்து மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. அதை விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் இடது காலைப் பற்றி எழுதாமல் வேறு எதையும் எழுதக் கை வரவில்லை.

போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போது ஷூவைக் கழற்றினாய். கணைக்காலின் உள்பக்கம், கணுவுக்கு ஒரு சாண் மேலே, கட்டைவிரலால் ஒரே இடத்தை அழுத்திப் பார்த்தாய். அரை நொடிதான். கண் சுருங்கியது. உடனே கேமராவை முகத்துக்கு உயர்த்தி, "இன்றைக்கு இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி இருக்கிறது அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். விசிலும் கையுமாக மைதானத்திலேயே ஆயுளைக் கழித்தவனிடம் அதை மறைக்க முடியுமா? வலி கணைக்கால் நெடுகப் பரவியிருந்தால் அது வேலை கூடிப்போனதால் வரும் வலி. சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு விரல் நுனிக்குள் அடங்குகிற வலி அப்படியில்லை. எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம் என்று அர்த்தம். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று உன்னோடு ஓடுகிறவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஓடும்போது மட்டும் வலிக்கிறதா, நடக்கும்போதுமா, படுத்த பிறகும் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் எனக்குப் பதில் வேண்டும். நலமாக இருக்கிறேன் என்று ஒற்றை வரி அனுப்பாதே.

டாக்டரிடம் காலைக் காட்டு. முதலில் அதைச் செய்.

நீ எடுத்திருக்கும் சவாலை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. 75 ஹார்ட் என்று நீ சொன்ன அன்றே தேடிப் படித்துவிட்டேன். 2019-ல் ஒரு அமெரிக்கத் தொழிலதிபர் தொடங்கியது. 75 நாள். தினமும் 45 நிமிடம் வீதம் இருமுறை உடற்பயிற்சி, அதில் ஒன்று கண்டிப்பாக வெளியில். ஒரு உணவுமுறையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து இம்மியும் விலகக் கூடாது, மது கூடாது. ஒரு காலன் தண்ணீர், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர். பயனுள்ள புத்தகத்தில் 10 பக்கம். ஒரு புகைப்படம். இதில் எது தவறினாலும் மறுபடி முதல் நாள். இது உடம்பை இளைக்க வைக்கும் திட்டம் இல்லை, மனத்தைக் கெட்டிப்படுத்தும் திட்டம் என்றுதான் ஆரம்பித்தவரே சொல்கிறார். படித்தபோது எனக்கு முதலில் வந்தது பெருமைதான். ஒரு காலில் ஷூ கழன்று போன பிறகும் 1500 மீட்டரை ஓடி முடித்தவள் நீ. கடைசியாக வந்தாய், ஆனால் முடித்தாய். அன்று முதலில் வந்த பெண்ணின் பெயர் எனக்கு நினைவில்லை.

அதிகாலையில் எழுவது, சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்வது, இன்று மனசில்லை என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல் இருப்பது, இவற்றை எல்லாம் நான் மதிக்கிறேன். பத்துப் பக்க விதி மிக நல்ல விதி. பெரிய முடிவைப் பார்த்து மலைக்காமல் அன்றன்றைய வேலையை முடிக்க அது கற்றுக்கொடுக்கிறது. அம்மா பயப்படும்போதெல்லாம் உனக்காக வாதாடியவன் நான். நீ எந்தப் போனையும் எடுக்காத அந்த வாரத்திலும் வாதாடினேன்.

என்னால் ஏற்க முடியாதது அந்தக் கடைசி விதியை மட்டும்தான். ஐம்பது நாளைத் தாண்டிய பிறகு ஒரு இரவு புத்தகத்தோடு தூங்கிப்போனாய். மறுநாள் ஒன்று என்று எழுதிக்கொண்டாய். குழுவில் படம் போட்டிருந்தாய். உன் தம்பி கைதட்டும் படம் அனுப்பினான், நான் எதுவும் அனுப்பவில்லை. அந்த ஐம்பது நாளும் எங்கே போய்விட்டன? கால் ஓடியது பொய்யா? படித்த பக்கங்கள் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டனவா? ஒரு ராத்திரி தூக்கத்துக்கு அத்தனையையும் அழித்துவிடுகிற கணக்கு எந்தப் பயிற்சியாளரும் போடாத கணக்கு, கயல். என்னிடம் பயின்ற பிள்ளை ஒரு நாள் வராமல் மறுநாள் வந்தால், நேற்று விட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். வந்து நிற்கிறதே, அதுதான் பயிற்சி.

இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒரு ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். 96 பேர், ஆளுக்கொரு பழக்கம். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் என்பதுபோல, கொஞ்ச நேரம் ஓடுவது என்பதுபோல. 12 வாரம் தினமும் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். பழக்கம் யோசிக்காமலே வருகிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆயிற்று. அந்தப் பதிவுகளை வைத்து, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பழக்கம் படிவதில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. நீ விட்டது ஒரு நாள். 254 நாள் பிடிக்கிறவர்களை நினைத்துப் பார். அவர்களும் முடித்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவர்கள்தான்.

அந்த விதியால் வருகிற இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அதுதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. கால் வலிக்கிறது, ஓய்வெடுத்தால் முதல் நாளுக்குப் போக வேண்டும், அதனால் வலியை ஒளிக்கிறாய். என்னிடம் ஒளிப்பதைப் பொறுத்துக்கொள்வேன். உன்னிடமே ஒளிக்கிறாய். இத்தனைக்கும் இரண்டு பயிற்சியும் ஓட்டமாக இருக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் எங்கேயும் சொல்லவில்லை, நடையும் கணக்கில் சேரும். இரண்டையும் ஓட்டமாக்கிக்கொண்டது நீ. ஏன் என்று நான் கேட்கவில்லை.

எலும்பைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திடீரென்று கூடுதல் சுமை வந்தால் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதை வைத்துக் கட்டுகிறது. கரைப்பது வேகமாக நடக்கும், கட்டிக் கெட்டிப்படுவதற்குச் சில மாதம் பிடிக்கும். அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்து நிற்கிறது. மூச்சும் தசையும் நன்றாகத் தயாராகிவிடும். நான் பலசாலி ஆகிவிட்டேன் என்று மனசும் நம்பும். எலும்பு மட்டும் பின்தங்கியிருக்கும். 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்திருக்கிறார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. அவர்கள் யாரும் மன உறுதியில் குறைந்தவர்கள் இல்லை. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு முதல் சில வாரங்களில் இது வருவது இன்றும் ராணுவ மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். உன் 75 நாளும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நீ செய்வது 630. செய்யக் கூடாது என்றில்லை. ஏறுகிற வேகத்தைப் பார். வாரத்தில் ஒரு நாளாவது கால் தரையை அடிக்காத பயிற்சியாக வைத்துக்கொள். நீச்சல், சைக்கிள், எதுவானாலும்.

டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தால் அதோடு எழுந்து வந்துவிடாதே. இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். வலி ஒரே இடத்தில் இருக்கிறது என்று சொல், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேள். இப்போது பிடித்தால் சில வாரத்தில் சரியாகும். முழுதாக முறிந்தால் அறுவைச் சிகிச்சை வரை போகும்.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் வேலையில் மறந்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெரிய பாட்டிலில் பாதியை நீ ஒரே மூச்சில் குடிப்பதை உன் அம்மா பார்த்திருக்கிறாள். பாட்டிலின் பக்கவாட்டில் மணிக்கணக்குக் கோடு போட்டிருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்ற முடிவது ஏறக்குறைய ஒரு லிட்டர், சில சமயம் அதற்கும் குறைவு. அதற்கு மேல் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்கள் ஓட்டத்துக்குப் பழகியவர்கள். ஆகவே பகலிலேயே பிரித்துக் குடி. இரவாகிவிட்டால் மீதியை விட்டுவிட்டுத் தூங்கு. விதி உடைந்தால் உடையட்டும். தூக்கத்தை அந்தப் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. பயிற்சியில் கிழிந்த தசையை உடம்பு நன்றாகத் தைப்பதற்குத் தூக்கம் வேண்டும்.

நேற்று நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள் நன்றாக விரிந்திருக்கிறது, முதுகு நிமிர்ந்திருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான். காறை எலும்பு இவ்வளவு தெரிய வேண்டுமா என்று கேட்டாள். நான் வெளிச்சம் அப்படி என்றேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று உன்னைக் கேட்கச் சொல்லி இரண்டு நாளாக என்னை நச்சரிக்கிறாள். அவளே கேட்க மாட்டாளாம், நீ எரிந்து விழுவாயாம். ஆகவே நான் எழுதுகிறேன், அப்பா எழுதுகிறாரே என்று கூச்சப்படாதே. கல்லூரி அணிப் பெண்களின் பெற்றோரிடம் இதை நான் பேசியிருக்கிறேன். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துகிறவற்றில் அதுவும் ஒன்று, அது நின்றால் எலும்பும் மெலியும். டாக்டரிடம் காலைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்.

படத்தை இத்தனை பேருக்குக் காட்டுகிறாய். எத்தனையாவது நாள் என்று ஊருக்கே தெரிகிறது. எங்களுக்கு மட்டும் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வருகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நீ இந்தச் சவாலை ஆரம்பித்த தேதியை நான் பார்த்தேன், கயல். அத்தை வீட்டிலிருந்து நீ பேசாமல் கிளம்பிப் போனாயே, அதற்கு அடுத்த திங்கட்கிழமை. அதைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன் என்று உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அன்று நடந்ததில் உன் பக்கம் தப்பு எதுவும் இல்லை. யார் என்ன சொல்லியிருந்தாலும், அவர்கள் வீட்டார் இன்னும் என்ன பேசினாலும். தப்புச் செய்யாதவளுக்குத் தண்டனை எதற்கு? அந்தப் பயிற்சி உனக்குப் பலமாக இருந்தால் செய். தண்டனையாக இருந்தால் ஒரு நாள்கூடச் செய்யாதே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

தோற்றதை, வலித்ததை நாலு பேரிடம் சொல்ல முடிகிற மனசைத்தான் நான் கெட்டியான மனசு என்று சொல்வேன். என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. தம்பியிடம் சொல், அவன் வாயைத் திறக்க மாட்டான். வெளியாள்தான் சரி என்று தோன்றினால் அதற்கென்று படித்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கும் உன் பட்டியலில் 45 நிமிடம் ஒதுக்கலாம்.

முழுவதையும் நிறுத்து என்று நான் சொல்லவில்லை. ஓட்டத்தை மட்டும் நிறுத்து, டாக்டர் சொல்லும்வரை. படிப்பு நடக்கட்டும், நேரத்துக்கு எழுவது நடக்கட்டும், கைக்கும் முதுகுக்குமான பயிற்சி உட்கார்ந்தபடியே செய்யலாம். எண்ணிக்கையையும் விடாமல் எழுது, ஆனால் ஒன்றுக்குத் திரும்பாமல் அடுத்த எண்ணை எழுது.

செவ்வாய்க்குள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிடு. அவர் சொன்னதை, உனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்காமல், அப்படியே எழுது. புதன்கிழமைவரை பதில் வராவிட்டால் அந்த வார ரயிலுக்கு நானும் அம்மாவும் டிக்கெட் எடுத்துவிடுவோம். அவள் பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். நீ வேண்டாம் என்று சொன்னாலும் வருவதாகத்தான் இருக்கிறாள். நானும் அவளைத் தடுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
அப்பா