ரயிலும் உள்ளூர் பீரும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காலையில் இங்கிலாந்தின் லீட்ஸில் ரயிலேறி, போகிற ஊரின் பீரைச் சுவைத்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது என்ற நம் நோக்கம் இந்த ஆண்டும் வழுவாமல் நிறைவேறியது. திரும்பியபின் வயிற்றில் சாப்பாட்டுக்கு இடமிருந்ததா என்பது இவ்வறிக்கையின் வரம்புக்குள் வராது.

பென்னைன் மலையைக் கடக்கும் ரயில்பாதைதான் வழக்கம்போல் நம்மை அதிகம் இழுத்தது. மார்ஸ்டனில் உள்ள ரிவர்ஹெட் பப் தன் பீர்களுக்குச் சுற்றுவட்டார நீர்த்தேக்கங்களின் பெயரைச் சூட்டியிருக்கிறது. நீர்த்தேக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வீரியம் பீருக்கு. அடிவாரத்தில் தொடங்கி மெதுவாக ஏறுவதே முறை. நேரே உச்சிக்குப் போன பொருளாளர், ஸ்டேண்டெட்ஜ் சுரங்கப்பாதையைக் கண்ணை மூடியபடியே கடந்தார்.

மலைக்கு அப்பால் ஸ்டேலிபிரிட்ஜ். நடைமேடையிலேயே இருக்கும் பஃபே பார் 1885ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பளிங்கு மேடையும் கணப்பும் உண்டு. அங்கே வினிகர் ஊற்றித் தரும் கருப்புப் பட்டாணியைத் தாளிக்க மறந்த சுண்டல் என்று துணைத்தலைவர் வர்ணித்தார். பிறகு இன்னொரு கிண்ணம் வாங்கினார்.

புதிய உறுப்பினர்கள் சிலர் பீர் குளிர்ச்சியாக இல்லை என்று எழுத்து மூலமாகவே முறையிட்டனர். நாம் தேடிப் போகும் காஸ்க் ஏல் என்ற பீர் வகை பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பது. அதில் வாயு ஏற்றுவதில்லை. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வெப்பநிலையில் வைத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள். வடக்கு இங்கிலாந்தில் குழாய் முனையில் துளையிட்ட சிறு மூடியைப் பொருத்துவதால் கோப்பை முழுதும் நுரை பொங்கி, அடியிலிருந்து மெல்லத் தெளிந்து மேலேறும். அது அடங்கும்வரை பொறுத்திருந்து குடித்தவர்கள் முறையீட்டைத் திரும்பப் பெற்றனர். ஒருவர் மட்டும் ஐஸ் கேட்டார். அந்தப் பப்பின் பெயரை நாகரிகம் கருதி விடுகிறேன்.

சைவ உறுப்பினர்களின் பிரச்சினை இதைவிடக் கனமானது. பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸைச் சேர்ப்பது இங்கே நெடுநாள் வழக்கம். இது தெரியவந்த கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அது சேர்க்காத பீர்களும் இப்போது பெருகி வருகின்றன. கேட்டால் கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். ஆனால் கலங்கலாக இருப்பதெல்லாம் சைவம் என்று முடிவுகட்ட வேண்டாம். சரியாகப் பராமரிக்காத பீப்பாயும் கலங்கலாகத்தான் வரும்.

சனிக்கிழமைப் பயணங்களைக் கைவிட்டதே இவ்வாண்டின் நல்ல முடிவு என்பது என் எண்ணம். தொலைக்காட்சியில் புகழ்பெற்றபின், பென்னைன் பாதையில் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டமாக மாப்பிள்ளையைச் சூழ்ந்து வரும் கூட்டங்கள் நிலையத்துக்கு நிலையம் இறங்கி, அவசரமாகக் குடித்து, அடுத்த ரயிலுக்கு ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் எரிச்சலடைவதில் நியாயம் இருக்கிறது. நாமும் எல்லா நிலையத்திலும் இறங்கியாக வேண்டும் என்று வாதிட்ட உறுப்பினர்களுக்கு என் பதில் இதுதான்: இரண்டு ஊர், அரைப் பைன்ட், உட்கார்ந்து பேச நேரம். பைன்ட் என்றால் 568 மில்லிலிட்டர் என்பதை வாதத்தின் நடுவே யாரும் நினைப்பதில்லை.

டிக்கெட் பற்றி: மேற்கு யார்க்‌ஷயர் எல்லை மார்ஸ்டனோடு முடிகிறது. அதற்குள் மட்டும் செல்லுபடியாகும் நாள் டிக்கெட்டோடு ஸ்டேலிபிரிட்ஜ் போக முயல வேண்டாம். ஒரு முறை திரும்பும் ரயில் ரத்தாகி, வெகுநேரம் குளிரில் நின்றோம்; இனிக் கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலையே நம்புவோம்.

வரும் ஆண்டில் கீத்லி செல்ல உத்தேசம். 1858இல் தொடங்கிய டிமோத்தி டெய்லர் பீர் ஆலையின் ஊர் அது. அதன் போல்ட்மேக்கர் 2014இல் பிரிட்டனின் சிறந்த பீராகத் தேர்வானது. அங்கிருந்து ஆக்ஸன்ஹோப்புக்கு நீராவி ரயிலும் உண்டு. ஷெஃபீல்ட் நிலையத்திலுள்ள, 1904ஆம் ஆண்டின் சிற்றுண்டி அறையைப் புதுப்பித்து உருவாக்கிய பப்பும் பட்டியலில் இருக்கிறது.

சங்க நிதியிலிருந்து பீருக்கு ஒரு பென்னிகூடச் செலவாகவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்