வெறும் காப்பியோடு மலை ஏறுவது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழின் மகளிர் பக்கத்தில், நெடுந்தூர டிரையத்லான் போட்டிக்குத் தயாராகிவரும் நம் மாவட்டப் பெண்மணி ஒருவரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் இந்த விளையாட்டுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கியதே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அவர் அதிகாலையில் ஒரு டம்ளர் காப்பியை மட்டும் குடித்துவிட்டு ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிளில் ஏறி இறங்குகிறார் என்றும், வீட்டு வேலைகளை எல்லாம் முடித்த பிறகு பத்து மணிக்குத்தான் வாயில் எதையும் வைக்கிறார் என்றும் பெட்டிச் செய்தியில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்தப் பெட்டிச் செய்தியைப் பற்றித்தான் இக்கடிதம்.

நான் அஸ்தம்பட்டியில் வசிப்பவள், வயது 41, வங்கியில் பணிபுரிகிறேன். அதே மலையில் அதே காப்பியோடு நானும் இரண்டு ஆண்டுகள் ஏறியிருக்கிறேன். அதற்குக் கிடைத்த பலன், வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு விவரங்கள். முழுத் தூரப் போட்டி என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978இல் ஹவாய்த் தீவுகளில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்ததில் தொடங்கிய வழக்கம் இது. இதில் சரிபாதித் தூரம் கொண்ட போட்டி 2019இல் கோவாவில் தொடங்கிய பிறகு நம் பக்கத்திலிருந்தும் பலர் இதில் இறங்கினார்கள். நானும் அந்தப் பாதித் தூரத்துக்காகத்தான் பயிற்சி செய்தேன். நீச்சலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: 25 மீட்டர் குளத்தில் 38 முறை போய்வந்தால் பாதித் தூரமான 1.9 கிலோமீட்டர் ஆகிவிடும். எண்ணிக்கை தவறாமல் இருந்தால் போதும். எங்கள் ஊர்க்காரர்களின் செல்வம் மலைதான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. இப்படி ஒரு தொடர் ஏற்றம் வீட்டு வாசலில் கிடைப்பது சமவெளி ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத பேறு. விடியலுக்கு முன் புறப்பட்டால் பேருந்தும் லாரியும் குறைவு. மூங்கில் புதர்களுக்கு நடுவே நம் மூச்சுச் சத்தமும் சங்கிலிச் சத்தமும் மட்டும் கேட்கும். மார்கழியில் இறங்கும்போது விரல்கள் மரத்துப்போய், பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதே தெரியாது. இவ்வளவு அழகான இடத்தில் பசி என்பது பெரிதாகத் தோன்றாததில் வியப்பில்லை.

கணக்கு மட்டும் அழகைப் பார்த்து மயங்குவதில்லை. அப்போது என் எடை 54 கிலோ. சைக்கிளும் தண்ணீர் பாட்டில்களும் சேர்த்தால் 65. இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்கிச் செல்ல உடல் செலவிடுவது சுமார் 800 கலோரி. பாலும் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் காப்பியில் நூறுகூட இருக்காது. மீதியை உடல் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. என்றாவது ஒருநாள் எடுத்தால் அதில் தவறில்லை. எடுத்ததைத் திருப்பி வைக்காமல் வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்ததுதான் நான் செய்தது.

காப்பியின் மீது எனக்குக் கோபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1820களிலேயே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வந்துவிட்ட பயிர் அது. அதைப் பழித்துவிட்டு மலை மேல் யார் முகத்தில் விழிப்பது? ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் காப்பி உண்மையிலேயே துணை செய்கிறது. ஆனால் அது சோறு அல்ல.

வலி தொடங்கியபோது முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். இத்தகைய விரிசல் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அந்தக் களிம்பைத் தடவிக்கொண்டு மேலும் மூன்று வாரம் ஓடினேன். இரண்டாவதாகப் பார்த்த விளையாட்டு மருத்துவர், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதற்கு முன்பே, கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார். கால் வலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஐந்து மாதமாகியிருந்தது. வயது நெருங்குகிறது, பயிற்சியும் நன்றாக நடக்கிறது என்று நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், போட்டி நாளில் அந்தத் தொல்லை இராது என்ற நிம்மதியும் எனக்கு இருந்தது.

உடலுக்குப் போதிய உணவு கிடைக்காதபோது, உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை அது ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மூளையிலிருந்து கருப்பைக்கருகே உள்ள சூலகங்களுக்குப் போகும் சமிக்ஞை மங்குகிறது, பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரஜன் குறைகிறது, அது குறைந்தால் எலும்பு கரைவதும் கட்டப்படுவதும் சமநிலையில் இருப்பதில்லை. ஓடும்போது எலும்பில் விழும் நுண்ணிய சேதங்கள் எல்லோருக்கும் உண்டு; ஓய்வில் அவை சரியாகிவிடும். என் உடலில் அவற்றைச் சரிசெய்யச் சரக்கு இல்லை. அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கு ‘விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தபோது, ஆண்களையும் அதில் சேர்த்தே பேசியது. அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. ஆனால் மாதவிலக்கு என்ற வெளிப்படையான எச்சரிக்கை ஆண்களுக்கு இல்லை. நமக்கு இருந்தும் நாம் அதைப் பேசுவதில்லை.

உணவு ஆலோசகர் என் வங்கி டைரியிலேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கொழுப்பு நீங்கலாக என் உடல் 42 கிலோ. பயிற்சிக்குச் செலவானதைக் கழித்த பிறகு, கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 கலோரி மிஞ்ச வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் கோளாறு தொடங்குகிறது. நான் சாப்பிட்டது 1,700. பயிற்சிக்குப் போனது 800. மிச்சம் 900ஐ 42ஆல் வகுத்தால் 21 சொச்சம். நாள் முழுதும் பிறர் கணக்கில் பற்று வரவு பார்ப்பவளுக்குத் தன் கணக்கு தெரியவில்லை என்று அவர் சிரித்தார்; நானும் சிரித்து வைத்தேன்.

எடை குறைந்தால் ஏற்றம் எளிதாகிறது என்பது பொய்யில்லை. ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் இரண்டு கிலோ குறைவாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் மிச்சமாகும், எனக்கும் மிச்சமாயிற்று. அதன் பிறகு எட்டு வாரம் ஓட முடியவில்லை. சில முன்னணி வீரர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அதை வாரத்தில் ஓரிரு முறை, மெதுவாக, பயிற்சியாளரின் கண்காணிப்பில் செய்துவிட்டு, அன்றைய நாளின் மீதி வேளைகளில் குறைவின்றிச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் கட்டும் வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் வீடுகளில் காலைப் பசி உணவுத் திட்டத்தால் வருவதில்லை, வழக்கத்தால் வருகிறது. மலையிலிருந்து எட்டு மணிக்கு வியர்வையோடு இறங்கி வருவேன். குளிக்காமல் அடுப்படியில் நுழையக் கூடாது என்பது என் அத்தையின் வீட்டு முறை. குளித்து, விளக்கேற்றி, பிள்ளைகளுக்கும் கணவருக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சட்டியில் மிஞ்சிய இரண்டு இட்லியை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினால், அதைப் பிரிக்கும்போது பத்தரை. தசைகள் எதை எதிர்பார்த்துக் காத்திருந்தனவோ அந்த நேரம் முழுவதும் நான் பிறருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் கிருத்திகை விரதம் வேறு. தங்கள் கட்டுரை தியாகம் என்று எழுதியதும் ஏறத்தாழ இதே காலைப் பொழுதைத்தான்.

தேறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்களுக்கு நடுவே மிதவைக் கட்டையை வைத்துக்கொண்டு கைகளால் மட்டும் நீந்தினேன். ஒன்பதாவது வாரத்தில் காந்தி விளையாட்டரங்கில் ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று தொடங்கினேன். விரதத்தை நான் விடவில்லை; என் பயிற்சியாளர் கிருத்திகை நாட்களை ஓய்வு நாட்களாக மாற்றிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கும் பழக்கத்தையும் விட்டேன், ஏனெனில் காப்பி இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். மாதவிலக்கு திரும்ப வந்தது உணவை மாற்றிய ஐந்தாவது மாதத்தில்.

மலைக்குப் போகுமுன் இப்போது நான் குடிப்பது வெல்லம் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி. ஊரெங்கும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, பயிற்சியின்போது பிழிந்து சாப்பிடும் வெளிநாட்டு மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டுகளுக்கு நான் கொடுத்த பணத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான். ஏற்றத்தில் சாப்பிட இரண்டு கடலை மிட்டாய். வாழைப்பழம் எடுத்துச் செல்வதில்லை. ஒருமுறை வளைவில் நின்று மூச்சு வாங்கியபோது முதுகுப்பையிலிருந்து அதை உருவிய குரங்கு, தோலை உரித்து எனக்கு எதிரிலேயே சாப்பிட்டது.

குளிக்கும் முறையை மீறவும் இல்லை. முந்தின இரவே அவித்த முட்டையும் தயிர்ச் சோறும் ஒரு சம்படத்தில் போட்டு மூடி, காலையில் அத்தையே அதைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல், நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். டிபன் பாக்ஸ் கட்டுவது என் கணவர்.

தாங்கள் எழுதிய பெண்மணியை எனக்குத் தெரியாது. அவர் நலமாகவே இருக்கலாம்; உடல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டு, கஞ்சியை ஒதுக்கிவைத்துக் காப்பியோடு அடிவாரத்துக்குக் கிளம்பும் இளம்பெண்கள் இருப்பார்கள். அடுத்த முறை அவரைச் சந்திக்கும்போது, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு, இறங்கி வந்ததும் என்ன சாப்பிட்டார், அதை அவருக்கு யார் எடுத்து வைத்தார் என்றும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.