21 இழையும் ஒரு நாள் சீவரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பண்டிகைக் கட்டுரை, பௌத்தம் மனத்தைத்தான் பார்க்கிறது, நாம்தான் நாளையும் கணக்கையும் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று சொல்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் கார்த்திகை தீபத்தை அடுத்து 21 நாள் இருக்கும் பிள்ளையார் நோன்பை, வசதியான ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதில் இருக்கிறது. இரண்டுமே சரியில்லை.

கார்த்திகைக்கு அடுத்த ரோகிணியை ஒன்று என்று வைத்து எண்ணினால் சதயம் 21-வது நட்சத்திரம். பௌர்ணமிக்கு மறுநாள் பிரதமையிலிருந்து எண்ணினால் அமாவாசை 15, வளர்பிறைச் சஷ்டி 21. இரண்டு எண்ணிக்கையும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. சஷ்டியும் சதயமும் கூடும் பொழுதில் இழை எடுத்துக்கொள்ளும் (21 நூலிழையைத் திரியாக்கி, மாவு விளக்கில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்) வழக்கம் அதோடு பொருந்தி நிற்கிறது. சிக்கலும் அங்கேதான். திதி சராசரியாக 23 மணி 37 நிமிடம், நட்சத்திரம் 24 மணி 17 நிமிடம். 21 முடிவதற்குள் ஏறக்குறைய 14 மணி நேரம் விலகிவிடும். சில ஆண்டுகளில் இரண்டும் அந்தியில் கூடாமல் தள்ளிப்போவது இதனால்தான்.

கோடி வேட்டியிலிருந்து (புது வேட்டியிலிருந்து) தினம் ஓர் இழை உருவ வேண்டும். கடைசி நாளில் 21 இழையையும் மொத்தமாக உருவுவதோ, கட்டி விற்கும் பொட்டலத்தை வாங்குவதோ நோன்பு ஆகாது. விரதம் அந்த அன்றாட உருவலில்தான் இருக்கிறது. வேட்டி சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த நூல் எரியும்போது உருகிச் சொட்டும், சூட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுடரோடு வாயில் போடும் பொருள், இதில் அலட்சியம் கூடாது. விளக்காகப் பிடிக்கும் இழைமாவுக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் போகாமல் உலர்த்தி இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்தால் போதும், தண்ணீர் வேண்டாம். மாவு காய்ந்துபோனால் விளக்கு வெடித்து நெய் கசியும், திரி அணையும். நெல்லிக்காய் அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள். திரியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கர்ப்பிணிகள் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை எடுத்துக்கொள்வது வழக்கம்.

இனி பௌத்தத்துக்கு வருவோம். நம் செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போன பர்மாவிலேயே பார்க்கலாம். பிக்குகள் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால மூன்று மாத வாசம் தடிஞ்ஜுட் என்னும் பர்மிய மாதத்தின் பௌர்ணமியோடு முடிகிறது. பிக்குகளுக்குச் சீவரம் எனும் ஆடைக்கான துணி கொடுக்கும் கடின சீவர தானத்தை அடுத்த மாதமான தசௌங்மோன் பௌர்ணமிக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பின் கொடுத்தால் அது வெறும் துணி தானம், கடினம் ஆகாது. வாங்கும் சங்கத்தில் ஐந்து பிக்குகளாவது இருக்க வேண்டும். வெட்டுவது, தைப்பது, சாயமேற்றுவது எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும் என்பது விநய விதி, அதாவது பிக்குகளின் ஒழுக்க விதி. யாங்கோனின் ஷ்வேடகோன் பகோடாவில் தசௌங்மோன் பௌர்ணமிக்கு முந்தைய இரவில் பெண்கள் தறியில் உட்கார்ந்து, விடிவதற்குள் சீவரத்தை நெய்து முடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து அது நடப்பதில்லை.

என்னை மிகவும் கவர்ந்த விதி இன்னொன்று. பிக்கு ஜாடையாகக் கேட்டுப் பெற்ற துணியில் கடினம் செல்லாது. கொடுப்பவர் தாமாக முன்வந்து கொடுக்க வேண்டும். மனத்தூய்மையைக் காப்பதற்கே அங்கும் இத்தனை விதிகள். கட்டுரையாளர் இதைத் தவறவிட்டுவிட்டார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் மார்கழி நாள்காட்டியில் 'பிள்ளையார் நோன்பு' என்று தேதியை மட்டும் போடாமல், சஷ்டியும் சதயமும் தொடங்கி முடியும் மணி நேரத்தையும் அச்சிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

வாசகர்,
தேவகோட்டை