மூன்று வருடம் எந்தத் தேதியிலிருந்து? காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிளைம் மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கு மனு எழுதித் தருகிறவன் நான். பாலிசி பாண்டை வாங்கியதும் முதலில் தேதிகளைத்தான் பார்ப்பேன். விண்ணப்பித்த தேதி, ரிஸ்க் (அதாவது காப்பீட்டுப் பாதுகாப்பு) தொடங்கிய தேதி, பாண்டு வழங்கிய தேதி என்று ஆளுக்கொன்றாக இருக்கும். பிரீமியம் குறையட்டும் என்று முன்தேதியிட்டு எடுத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015இல் திருத்தப்பட்டபின், மூன்று வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க விடுவதில்லை. மக்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பாண்டு வழங்கியது, ரிஸ்க் தொடங்கியது, பிரீமியம் கட்டாமல் லாப்ஸ் ஆனதை (காலாவதியானதை) புதுப்பித்தது, ரைடர் எனும் கூடுதல் காப்பீடு சேர்த்தது ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்துதான் அந்த மூன்று வருடம். குடும்பங்கள் மாட்டிக்கொள்வது புதுப்பித்த தேதியில்.

எங்கள் ஊரில் ஒரு அம்மா. கணவர் 2015இல் எடுத்த பாலிசி. கொரோனா காலத்தில் வேலை போய் லாப்ஸ் ஆனதை 2021 கடைசியில் வட்டியோடு கட்டிப் புதுப்பித்தார். உடல்நல உறுதிமொழிப் படிவத்தை முகவரே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கினார். சர்க்கரை உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று ஒரு டிக். 2024 தொடக்கத்தில் கணவர் இறந்ததும் நிறுவனம் அந்த டிக்கைக் காட்டிப் பணம் தர மறுத்தது. “இத்தனை வருஷமா கட்டினோமே சார்” என்றார் அந்த அம்மா. புதுப்பித்த ரசீதில் அசல் இருக்கிறது, வட்டி இருக்கிறது. மூன்று வருடக் கணக்கு மறுபடி தொடங்குகிறது என்று ஒரு வரி இல்லை.

வெறும் தவறான தகவல் என்றால் கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மறுப்புக் கடிதத்தில் 'மோசடி' என்று எழுதிவிட்டால் அதுவும் போச்சு.

பன்னிரண்டு மாதத்துக்குள் தற்கொலை என்றால் காப்பீட்டுத் தொகை கிடையாது என்ற விலக்கை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பாண்டு வழங்கிய தேதிதான் செல்லும் என்று 2024 ஜனவரியில் தீர்ப்பானது. தேதியைத் தெளிவாகச் சொல்லாததன் விலை இது.

கிளைமை முடிக்க 15 நாள், விசாரணை என்றால் 45 நாள் என்று கெடு வைத்த ஆணையம் இதையும் செய்ய முடியும். 45ஆம் பிரிவின் மூன்று வருடம் முடியும் தேதியைப் பாண்டின் முதல் பக்கத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள். புதுப்பித்தால் புதிய தேதியைத் தமிழிலேயே எழுதிக் கடிதமாகவும் குறுஞ்செய்தியாகவும் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், உறுதிமொழியை ஏற்கும் முன் நிறுவனமே பாலிசிதாரருக்குப் போன் செய்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, அவர் வாயாலேயே பதிலைக் கேட்டுப் பதிவு செய்யட்டும்.