ஸ்டேஷன் பக்கம் மனை இருக்கிறது, வண்டிதான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் ஞாயிறுதோறும் வரும் மனை விளம்பரங்களை ஒன்றுவிடாமல் படிக்கிறவள் நான். திருநெல்வேலியைச் சுற்றி விற்கிற மனைகளில் பாதிக்கு மேல் 'ரயில் நிலையம் மிக அருகில்' என்ற வரியோடுதான் வருகின்றன. செய்துங்கநல்லூர், சேரன்மகாதேவி, தாழையூத்து, கங்கைகொண்டான் என்று எந்தத் திசையில் போனாலும் இதே பேச்சுதான். நிலையம் அருகில் இருப்பது உண்மை. நாம் வேலைக்குப் போய்த் திரும்புகிற நேரத்தில் அங்கே வண்டி நிற்கிறதா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. விசாரிக்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இருவரும் பாளையங்கோட்டையில் படிக்கிறார்கள். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ சொந்த வீடு என்பது எங்கள் சம்பளத்துக்கு எட்டாத காரியம். அதனால் ஊருக்கு வெளியே போக நாங்கள் தயங்கவில்லை. இன்று விலை ஏறிக் கிடக்கும் அந்த நகர்களும் ஒரு தலைமுறைக்கு முன் ஊருக்கு வெளியே இருந்தவைதானே? வெளியே போனபின் போக்குவரத்துக்கு மாதம் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை எங்கள் கடையிலேயே தினமும் பார்க்கிறேன். பஸ்ஸுக்குப் போன காசில் இப்போது சீட்டுக் கட்டுகிறார்கள். ஆனால் டவுன் பஸ் எந்த இடத்தில் திரும்பிவிடுகிறதோ, அதற்கு அப்பால் ஷேர் ஆட்டோவும் மப்சல் பஸ்ஸும்தான் கதி. மனையில் மிச்சம் பிடித்ததை அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

இதற்கு மாற்று ரயில்தான். கொரோனாவுக்குப் பிறகு 30 ரூபாயாக இருந்த பாசஞ்சர் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் 2024 பிப்ரவரியில் மீண்டும் 10 ரூபாய்க்கு வந்தது. மாத சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. செங்கோட்டைப் பாதையில் பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்றும், திருச்செந்தூர்ப் பாதையில் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்றும் வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. செங்கோட்டைப் பாதை 2012இல் அகலப்பாதையாகிவிட்டது. இரண்டு பாதைகளுக்கும் மின்கம்பி வந்துவிட்டது. எல்லாம் வந்தும் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. நான் கணக்கு முடித்துக் கடையை விட்டு இறங்க இரவு ஒன்பது ஆகும். கடைசி பாசஞ்சர் அதற்கு வெகுநேரம் முன்பே போய்விடுகிறது.

செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஒரு லேஅவுட்டைப் பார்க்கப் போயிருந்தோம். முகப்பில் வளைவு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள், நடுவில் நல்ல தார்ச்சாலை. அந்தச் சாலை லேஅவுட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு உடை மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை. அதில் முந்தைய வாரம் பெய்த மழைத்தண்ணீர் அப்படியே நின்றது. என் மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பள்ளிச் சீருடையில் தினமும் இப்படி இறங்க முடியுமா? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். 2023 டிசம்பரில் இந்த மஞ்சள் கற்கள் இருக்கும் இடமெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்றார். தரகர் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து மக்கள் மறக்கமாட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. ரயில் பாதையின் அடிமண் அரித்துப்போய்ச் சில வாரங்கள் வண்டியே ஓடவில்லை. தாமிரபரணிக் கால்வாய்களும் குளங்களும் அடுத்தடுத்து இருக்கிற நாடு இது. மலிவாகக் கிடைக்கிற மனை பல நேரங்களில் பள்ளத்து வயலாகத்தான் இருக்கும். வாங்குகிறவர்கள் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தால் மட்டும் போதாது. அந்த ஊர்ப் பெரியவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்றும் கேட்க வேண்டும்.

பத்திரச் செலவையும் சொல்ல வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சத்துக்கு 90,000 ரூபாய். பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் சொத்தின் மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டக்கூடாது. வீட்டோடு சேர்த்து வாங்கினால் எந்தக் குடும்பம் இந்த வரம்புக்குள் நிற்கும்? அதை உயர்த்தினால் வாடகை வீட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

பெரிய லேஅவுட் போடுகிறவர்கள் பூங்காவுக்கு 10 சதவீத இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ரயில் நிலையத்தைச் சொல்லி விற்கிற லேஅவுட்டிலிருந்து அந்த நிலையத்துக்கு மழையிலும் நடந்து போக ஒரு பாதையும் விளக்கும் வேண்டும் என்று அங்கீகாரம் கொடுக்கும்போதே நிபந்தனை போட முடியாதா? வீட்டுவசதி வாரியமும் மேட்டு நிலமாகப் பார்த்து, நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடுகளைக் கட்ட வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. செய்துங்கநல்லூர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது, அங்கிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருவதோ நெல்லைக்கு. இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இது நடக்கும்.

எல்லாவற்றிலும் உடனே செய்யக்கூடியது வண்டி நேரம்தான். மணியாச்சியிலிருந்து நெல்லை வரை இரட்டைப் பாதை முடிந்துவிட்டது. எதிர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று இனி சொல்ல முடியாது. கங்கைகொண்டானில் கம்பெனி வேன் இல்லாதவர்கள் இரவில் ஷிப்ட் முடிந்து நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வருகிறார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் வருகிறார். அவர் வந்து சேரும்வரை என் மாமியார் தூங்குவதில்லை. காலை ஷிப்டுக்கு முன் ஒன்று, இரவில் ஷிப்ட் முடிந்ததும் ஒன்று என நெல்லைக்கும் மணியாச்சிக்கும் இடையே மெமு என்கிற குறுந்தூர மின்சார வண்டி விட்டு, அதைத் தாழையூத்திலும் கங்கைகொண்டானிலும் நிறுத்த வேண்டும். அதே வண்டி இரவு ஒன்பதரைக்கு மேல் ஜங்ஷனிலிருந்து புறப்பட்டால் கடைப் பெண்களும் ஏறிக்கொள்வார்கள். அப்படி ஒரு நேரம் கால அட்டவணையில் வந்தால், தாழையூத்தில் மூன்று சென்ட் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.